பல்லாவரத்துக் கல்

மாமல்லபுரத்துக்குப் போகிறவர்கள் நெம்மேலியில் வண்டியை நிறுத்துவதில்லை. இங்கே என்ன இருக்கிறது, கடலும் மணலும்தானே! அவர்களுக்குப் பல்லவன் செதுக்கிய கல்லைப் பார்க்க அவசரம். அந்தக் கல்லிடம் எனக்கும் பக்தி உண்டு. ஆனால், ஆயிரத்து முந்நூறு வருஷத்தை 'வெகு பழசு' என்று யாராவது சொல்லிவிட்டால் எனக்குப் பல்லாவரத்து ஞாபகம் வந்துவிடும்.

1863, மே 30. வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற இருபத்தெட்டு வயதுத் துரை, அங்கே பட்டாள மைதானத்தருகே சரளை வெட்டிய பள்ளத்தில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். 1858-இல் பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவில் சேர்ந்தவர் அவர். பூமியின் படிவங்களைப் பார்ப்பதுதான் உத்தியோகம். மனிதனைத் தேடச் சொல்லி யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. ஆனால் அந்தக் கல்லில் இரு புறமும் சில்லுச் சில்லாகப் பெயர்த்த அடையாளம் இருந்தது. தானாக உடைந்த கல் அப்படி உடையாது. அது ஒரு கைக்கோடரி.

பிரான்சில் பூஷே த பெர்த் என்பவர் இத்தகைய கற்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு பல வருஷம் பரிகாசப்பட்டார். 1859-இல்தான் ஆங்கிலேய நிபுணர்கள் நேரில் போய்ப் பார்த்து ஒப்புக்கொண்டார்கள். அந்தச் செய்தியை ஃபூட் படித்திருந்தார். படித்திராவிட்டால், பல்லாவரத்துக் கல் ஏதாவது ரோட்டில் விழுந்து வண்டிச் சக்கரத்தில் அரைபட்டிருக்கும்.

அதே வருஷம் செப்டம்பரில், வில்லியம் கிங் என்ற சகாவுடன் கொற்றலையாற்றுப் பக்கம் அத்திரம்பாக்கத்தில் இன்னும் பல கருவிகளைக் கண்டார். பிறகு தென்னாடெங்கும் நூற்றுக்கணக்கான இடங்கள். அவருடைய மாமனார் பெர்சிவல் பாதிரியார். தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தாரே, அவரேதான். மாமனார் சொல் பொறுக்கினார், மாப்பிள்ளை கல் பொறுக்கினார்!

அந்தக் கற்களைச் சென்னை அருங்காட்சியகம் 1904-இல் விலைக்கு வாங்கியது. ஃபூட் 1912-இல் காலமானார். அவர் எழுதி வைத்த அட்டவணை 1914-இல்தான் அச்சாயிற்று.

அத்திரம்பாக்கத்து மண்ணை நம் காலத்தில் சாந்தி பப்புவும் அவர் குழுவினரும் மறுபடி தோண்டினார்கள். கருவிகளுக்குச் சுமார் பதினைந்து லட்சம் வருஷம் என்று 2011-இல் அறிவித்தார்கள். மேடையில் நம் பழம்பெருமை பேசுகிறவர்கள் இதைக் கேட்டு மீசையை முறுக்க வேண்டாம். அப்போது நம்மைப் போன்ற மனித இனமே பிறக்கவில்லை. அந்தக் கோடரிகளைச் செய்தவர்களின் எலும்பு ஒன்றுகூட அங்கே அகப்படவில்லை. கையின் அளவு மட்டும் தெரிகிறது; பிடித்துப் பார்த்தால் நம் உள்ளங்கையிலும் அடங்குகிறது.