லேக் எங்கே சார்?



ஏரி நிலம் வீட்டுமனையானதாலே நாம் பெற்றதே அதிகம் என்று எதிரணிச் சகோதரி அடித்துப் பேசினாங்க. தியாகராய நகர் இல்லேன்னா தீபாவளிக்குப் புடவை எங்கே எடுக்கிறதுன்னு கேட்டுக் கைதட்டலும் வாங்கிட்டாங்க. அந்தக் கடைவீதிக்கு முன்னாலே அங்கே என்ன இருந்தது? ஏரி இருந்ததுங்க! நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம் வழியாகச் சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த ஏரி. வெள்ளைக்காரர்கள் 'லாங் டேங்க்' என்றே பெயர் வைத்தார்கள்.

நகரம் பெருகியது, வீடு போதவில்லை. 1923-இல், நீதிக்கட்சி ஆட்சியில், மாம்பலம் ஏரியை வற்றவைத்து மனை பிரிக்கும் வேலை தொடங்கியது. அவர்களை நான் குறை சொல்லவில்லை. குடியிருக்க இடம் வேணுமே. நுங்கம்பாக்கத்து மிச்சமும் பிறகு தூர்ந்தது. 1976-இல் திறந்த வள்ளுவர் கோட்டம் அந்த ஏரி மண்ணில்தான் நிற்கிறது.

பெயர் மட்டும் போகலை. நுங்கம்பாக்கத்தில் 'லேக் ஏரியா', 'டேங்க் பண்ட் ரோடு'. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு'! மொட்டை மாடியில் ஏறிப் பாருங்க. வியூ இருக்கு, எதிர்வீட்டுத் துணிக்கொடி தெரியும். லேக் எங்கே சார்?

மனை போட்டவர்கள் நிலத்துக்கு விலை போட்டார்கள். ஏரி செய்த வேலைக்கு யாரும் விலை போடலை. ஓடிவரும் மழைத்தண்ணியைக் கரை தடுத்து நிறுத்தும். மதகு வழியாக வயலுக்குப் பாயும். மிஞ்சியது கலங்கலில் வழியும். மண்ணுக்குள் கசிந்தது கோடையிலும் கிணற்றில் ஊறும். மீன், நாரை, வண்டல் எல்லாம் கொசுறு! தாரும் சிமெண்டும் இதிலே ஒன்றையாவது செய்யுமா? விழுந்த தண்ணியை அப்படியே தள்ளிவிடும். அது மாம்பலம் கால்வாய் வழியாக அடையாற்றில் சேரணும். ஆறே கரைபுரண்டு ஓடும்போது எங்கே போய்ச் சேரும்?

2015 டிசம்பரில் பார்த்தோம். 2021 நவம்பரில் அதே தியாகராய நகர்த் தெருக்களில் மறுபடியும் தண்ணி. நடுவிலே 2019 கோடையில் குழாயைத் திறந்தால் காற்று! அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது, ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். மழையில் முழுகின ஊர்தான் வெயிலில் ரயிலுக்குக் காத்து நின்றது.

ஒரே ஏரி போனதாலா இவ்வளவும் என்று கேட்பாங்க. இல்லைங்க. வேளச்சேரி ஏரியும் சுருங்கியது, இன்னும் பலதும் சுருங்கியது. ஒவ்வொரு தடவையும் இதே கணக்குத்தான் போட்டோம்.

ஆகவே நடுவர் அவர்களே, சகோதரி எடுக்கிற புடவை விலையோடு அவங்க வீட்டுத் தண்ணி லாரிக் காசையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுங்க.