கோணம் (திசையன் வரைகலை)

திசையன் வரைகலை மென்பொருளில் கோணத்தைப் பாகை எண்ணாகவே கொடுக்கலாம், கண்மதிப்பு தேவையில்லை. கண்டி நகரில், தலதா மாளிகையின் முகப்பாக நிற்கும் பத்திரிப்புவ இதை விளக்க அருமையான எடுத்துக்காட்டு. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் காலத்தில் தேவேந்திர மூலாச்சாரி அமைத்த எண்கோண மண்டபம் அது.

ஒழுங்கான எண்கோணத்தின் மையக்கோணம் 45°, உட்கோணம் 135°. இங்க்ஸ்கேப் என்னும் திசையன் வரைகலை மென்பொருளில் பல்கோணக் கருவியால் எட்டு மூலைகளை எளிதாகப் பெறலாம். சிக்கல் அதை நிறுத்துவதில்தான். ஒரு பக்கம் கிடையாக அமைய, மேல்நோக்கிய மூலையை 22.5° திருப்ப வேண்டும். கண்ட்ரோல் விசையை அழுத்தித் திருப்பினால் இயல்பாக 15° படிகளே கிடைக்கும், 22.5 அவற்றுள் அடங்காது. ஆகவே உருமாற்றப் பலகத்தில் எண்ணை நேரடியாகத் தட்டச்சிடுவதே நம்பகமான வழி. பக்க நீளம், சுற்றுவட்ட ஆரத்தின் ஏறத்தாழ 0.765 மடங்கு.

வரைந்ததை அளவுக் கருவியால் சரிபார்க்கலாம். கோட்டை இழுத்தால் நீளமும் கோணமும் தெரியும். வரைபடம் சேமிக்கப்படும் எஸ்விஜி (SVG) கோப்பில் ய அச்சு கீழ்நோக்கியது என்பதால், அதன் நேர்க்குறிச் சுழற்சி வலஞ்சுழியாகும். பள்ளிக் கணிதத்துக்கு இது நேரெதிர். கோப்பைக் கையால் திருத்துவோர் அவசியம் கவனிக்க வேண்டும்.

கண்டி ஏரிக்கரையிலிருந்து எடுத்த மண்டபத்தின் ஒளிப்படத்தின்மேல் கோணம் அளப்பது வீண். தொலைநோக்குத் தோற்றம் 135° கோணங்களைச் சிதைத்துவிடும்; தளவரைபடத்திலிருந்தே தொடங்க வேண்டும்.