ஆண்டை வீட்டு நாயும் சேரி வாசலும்

பக்கத்து வீட்டு நாய் நம் வாசலுக்குள் வந்து கோழிக்குஞ்சைப் பிடிப்பதும் சோற்றுப் பானையை உருட்டுவதும் சின்ன வம்பு. யார் வீட்டிலும் நடப்பது. நாயைத் துரத்தலாம். நாய்க்காரரிடம் போய் 'ஒங்க நாயக் கட்டிப் போடுங்க' என்று சொல்லலாம். ஆனால் அப்படிச் சொல்ல இரண்டு சங்கதிகள் வேண்டும். அந்த வாசல் நமக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். நாய்க்காரரும் நாமும் நேருக்கு நேர் நின்று பேசக்கூடியவர்களாக இருக்க வேண்டும். பழைய தஞ்சாவூர் ஜில்லாவில், அதாவது இன்று தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று பிரிந்து கிடக்கும் நெல்லு சீமையில், சேரி ஜனங்களுக்கு இந்த இரண்டுமே வெகுகாலம் இல்லை. அதனால்தான் நாய் வம்பையும் நாம் வரலாறாக எழுத வேண்டியிருக்கிறது. கோயில் நுழைவு, பொதுக்குளம், பொதுப்பாதை என்று பெரிய எல்லைகளைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. வாசல் என்கிற சின்ன எல்லை இன்னும் எழுதப்படாமல் இருக்கிறது.

என் அப்பாயி பண்ணையாள் வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவர். வயலுக்கு நடுவே ஒரு திடல். அதில் வரிசையாகக் குடிசைகள். திடல் மிராசுதாருடையது. குடிசைக்கு வெட்டிய மூங்கிலும் அவருடையது. வேயப் போட்ட வைக்கோலும் அவர் களத்தில் இருந்து வந்தது. 'இது ஒன் வூடா, ஐயா வூடா?' என்று காரியக்காரர் கேட்டால், 'ஐயா வூடுதாங்க' என்றுதான் சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் பண்ணை வீட்டு நாய் வந்தால் அது அத்துமீறி நுழைந்ததாக ஆகுமா? அதன் எஜமான் நிலத்தில் அது திரிகிறது, அவ்வளவுதான். அத்துமீறி இருப்பவர்கள் நாம்தான்.

அப்பாயி சொல்வார்: 'கூலி நெல்லப் பாயில காயப் போட்டிருப்பேன். அது வந்து மேல படுத்துக்கும். குஞ்சப் புடிச்சிக்கிட்டுப் போவும். குச்சிய ஓங்குறதுக்கு முன்னாடி யாரு வூட்டு நாயின்னு பாக்கணும். நாய அடிச்சா ஆண்டைய அடிச்ச மாதிரி. யார்றா அவன்னு ஆளனுப்பிடுவாங்க.' அதனால் சோற்றுப் பானையை உறியில் தொங்கவிட்டார்கள். கோழியைப் பஞ்சாரத்தில் கவிழ்த்தார்கள். நாய் வந்தால் பழைய முறத்தைத் தட்டிச் சத்தம் கொடுத்தார்கள். அடிக்கக்கூடாத நாயை விரட்ட அவர்களிடம் இருந்தது சத்தம் ஒன்றுதான். இதைப் பொறுமை என்றும் ஜீவகாருண்யம் என்றும் யாராவது எழுதினால் நம்பாதீர்கள். அது பயம்.

எதிர்த்திசையில் என்ன நடந்தது என்று பாருங்கள். சேரி ஆடு ஆண்டையின் நாற்றங்காலில் வாய் வைத்துவிட்டால் தலையாரி அதைப் பிடித்துக்கொண்டு போய்ப் பவுண்டில் அடைப்பான். அபராதம் கட்டி மீட்க வேண்டும். கட்ட முடியாவிட்டால் ஆடு ஏலத்துக்குப் போகும். இதற்குச் சட்டமே இருந்தது. வெள்ளைக்கார அரசு 1871ஆம் வருஷம் கால்நடை அத்துமீறல் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. நிலத்தில் புகுந்து பயிரை மேயும் பிராணியைப் பிடித்துப் பட்டியில் அடைக்க நிலத்துக்காரனுக்கு அதில் அதிகாரம் உண்டு. பிடிப்பதைத் தடுத்தால் தண்டனையும் உண்டு. யானை, ஒட்டகம், எருமை, குதிரை, கோவேறு கழுதை, கழுதை, பன்றி, செம்மறி, வெள்ளாடு என்று எவையெல்லாம் கால்நடை என ஒரு ஜாபிதாவே போட்டிருந்தார்கள். தஞ்சாவூர் வயலில் ஒட்டகம் வந்து மேய்ந்ததாக யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். ஆனாலும் அது ஜாபிதாவில் இருக்கிறது. நாய் இல்லை. பயிரைக் காக்க எழுதிய சட்டத்தில் பயிர் மேயாத நாய்க்கு என்ன வேலை என்று கேட்பார்கள். சரிதான். ஆனால் பயிர் யாரிடம் இருந்தது? வயல் உள்ளவனின் நஷ்டத்துக்குச் சட்டம் வந்தது. கோழிக்குஞ்சும் ஒரு பானைச் சோறும் மட்டுமே சொத்தாக உள்ளவளின் நஷ்டம் சட்டத்தின் கண்ணில் படவில்லை. ஆடு அவள் பக்கம் இருந்து போகும், அதற்குப் பட்டி. நாய் அந்தப் பக்கம் இருந்து வரும், அதற்கு ஒன்றுமில்லை.

சேரிக்கு என்று எல்லையே இருந்ததில்லை என்றும் சொல்ல முடியாது. அக்கிரகாரத்துக்காரர் சேரிக்குள் வரக்கூடாது என்று சேரி ஜனங்களே ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். வந்தால் சேரிக்குக் கேடு வரும் என்று நம்பினார்கள். பார்ப்பனர் சேரிக்குள் நுழைந்தால் விரட்டி, சாணச்சட்டி உடைத்து, அவர் வந்த வழியைச் சுத்தம் செய்யும் வழக்கத்தை அயோத்திதாசப் பண்டிதர் எழுதியிருக்கிறார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகையைத் தொடங்கி 1914இல் மறையும்வரை எழுதிய அவர், இதைப் பழைய பவுத்தப் பகையின் மிச்சம் என்று வாசித்தார். 1951-52இல் தஞ்சாவூர்க் கிராமம் ஒன்றில் தங்கி ஆய்வு செய்த கேத்லின் கஃப், அந்த ஊருக்குக் கும்பபேட்டை என்று புனைபெயர் வைத்து எழுதினார். பார்ப்பனர் வந்தால் தெருவுக்கே ஆகாது என்ற நம்பிக்கையை அவரும் அங்கே பதிவு செய்திருக்கிறார். நிலம் இல்லாதவர்கள், பட்டா இல்லாதவர்கள், நம்பிக்கையை வேலியாகக் கட்டி வைத்திருந்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அந்த வேலி மனிதரைத் தடுத்தது. நாயைத் தடுக்கவில்லை. ஆண்டை வரமாட்டார், அவர் நாய் வரும், அவர் ஆள் வருவான்.

இந்த 'ஆண்டை வரமாட்டார்' என்ற எண்ணம் நீதிமன்றம்வரை போயிற்று. 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டுச் சங்கத்தில் நின்ற குடும்பங்களின் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக 44 பேர் ஒரே குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. நிலபுலன் உள்ள பணக்காரர்கள் தாங்களே நடந்து வந்து குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள் என்பது நம்பும்படி இல்லை என்ற கருத்து அந்தத் தீர்ப்பில் இருந்தது. சேரி வாசலில் அவர் கால் படாது என்பது சேரிக்கு ஒரு கட்டுப்பாடு. நீதிமன்றத்துக்கு அதுவே அவருக்குச் சாட்சியம்.

நாயையும் சேரியையும் சேர்த்துப் பேசுவது புதிதல்ல. மனு தர்மத்தின் பத்தாம் அத்தியாயம் சண்டாளர் ஊருக்கு வெளியே இருக்க வேண்டும், நாயும் கழுதையுமே அவர்கள் செல்வம் என்று விதிக்கிறது. சேக்கிழார் நந்தனாரைப் பாட வரும்போது ஆதனூர்ப் புலைப்பாடியை வர்ணிக்கிறார். அங்கே சிறுவர்கள் நாய்க்குட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். இடுப்பில் கட்டிய இரும்பு மணிச் சத்தத்தில் குட்டிகளின் குரைப்பு அமுங்கிப் போகிறது. பெரிய புராணத்தில் இந்த இடத்தை நான் விரும்பிப் படிப்பேன். மனுவிடம் தண்டனையாக இருந்த நாய், இங்கே பிள்ளைகளுக்கு விளையாட்டுத் துணையாக இருக்கிறது. வெள்ளைக்காரன் வந்தபிறகு இன்னொன்று நடந்தது. தெருவில் திரியும் சொந்தக்காரன் இல்லாத நாய்க்குப் 'பறையா டாக்' என்று பெயர் வைத்தான். நம் ஜனங்களின் பெயர் அகராதியில் நாய்க்கு அடைமொழியாகப் போயிற்று. இன்றும் இந்திய நாட்டு நாயை அந்தப் பெயரில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

நாம் நாய் வளர்ப்பதிலும் சாதி தலையிட்டது. தென் மாவட்டங்களில் சில ஊர்களில் சேரியில் கடுவன் நாய் வளர்க்கக்கூடாது என்று கட்டுப்பாடு இருந்ததைக் கள ஆய்வு செய்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். காரணம் கேட்டால் சிரிப்பு வரும், பிறகு சிரிப்பு நின்றுவிடும். சேரிக் கடுவன் ஊர்த்தெருப் பொட்டை நாயோடு சேர்ந்துவிடுமாம். அகமணமுறைதான் சாதியின் உயிர்நாடி என்று அம்பேத்கர் 1916இல் எழுதினார். அதை நாய்வரைக்கும் கொண்டுபோய் அமல்படுத்தியது நம் ஊர். 2018இல் வந்த 'பரியேறும் பெருமாள்' படத்தில் கருப்பி என்ற நாய் கொல்லப்படுவதைப் பார்த்து நம் பிள்ளைகள் அழுதது வெறும் நாய்க்காக அல்ல.

நாயால் ஊரே எரிந்த கதையும் உண்டு. ஹரியானா மாநிலம் ஹிசார் மாவட்டம் மிர்ச்பூரில், 2010 ஏப்ரல் 19 அன்று, வால்மீகி வகுப்பைச் சேர்ந்த ஒருவரின் நாய் தெருவழியே போன ஜாட் இளைஞர்களைப் பார்த்துக் குரைத்தது. நாய்மேல் கல் எறிந்தார்கள். அதைத் தட்டிக் கேட்டதில் சண்டை. ஏப்ரல் 21இல் கும்பல் வந்து வீடுகளுக்குத் தீ வைத்தது. 70 வயதுப் பெரியவரும் நடக்கமுடியாத அவர் மகளும் எரிந்து செத்தார்கள். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஊரைவிட்டு ஓடின. 2018 ஆகஸ்டு 24இல் டெல்லி உயர்நீதிமன்றம் 33 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. கவனியுங்கள், அந்த நாய் யார் வாசலுக்குள்ளும் போகவில்லை. தன் தெருவில் நின்று குரைத்தது. தலித் வீட்டு நாய்க்குக் குரைக்கும் உரிமைகூட இல்லை. 'என் நாயை ஏன் அடித்தாய்?' என்று கேட்க அதன் சொந்தக்காரருக்கும் உரிமை இல்லை. அப்பாயியின் முறமும் மிர்ச்பூரின் கல்லும் ஒரே கதையின் இரண்டு முனைகள்.

நம் பக்கத்தில் நிலைமை எப்படி மாறியது? யாரும் மனமிரங்கி மாற்றவில்லை. 1940களில் செங்கொடிச் சங்கம் வந்தது. சீனிவாசராவ் போன்றவர்கள் சேரியில் தங்கி, சேரிச் சோறு தின்று சங்கம் கட்டினார்கள். சாணிப்பாலும் சவுக்கடியும் நின்றன. 1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் குடிசை நின்ற மண் அவருடையதாகவே இருந்தது. 'சங்கத்துக்குப் போனியா, குடிசையப் பிரி' என்று சொன்னால் பிரிக்க வேண்டும். குடியிருப்பில் இருந்து வெளியேற்றுவதைத் தடுக்க 1961இல் ஒரு சட்டம். குடியிருப்பு மனையை அதில் இருக்கும் விவசாயத் தொழிலாளிக்கே சொந்தமாக்கிய சட்டம் 1971இல். வெண்மணிக்கு மூன்று வருஷம் கழித்து. மிராசுதார் வயலைச் சேரி ஆட்டில் இருந்து காத்த சட்டம் 1871. சேரி வாசலைச் சேரிக்குக் கொடுத்த சட்டம் 1971. நடுவில் சரியாக நூறு வருஷம். அதற்கும் பிறகு 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், தலித்துகளின் வீட்டெல்லையில் மலத்தையோ செத்த பிராணியையோ கொண்டுவந்து போடுவதைக் குற்றம் என்றது. நம் வாசலுக்கு மானம் உண்டு என்று சட்டப் புத்தகம் ஒப்புக்கொண்டது அப்போதுதான்.

இதெல்லாம் தெரிந்துகொண்டு இன்று நம் வாசலுக்கு வரும் நாயை என்ன செய்வது? நான் நம் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான். நாயை அடிக்காதீர்கள், விஷம் வைக்காதீர்கள். அது வாயில்லா ஜீவன், சாதி அதற்குத் தெரியாது. போதாததற்கு, பிராணியைக் கொல்வதும் முடமாக்குவதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் குற்றம். நாம் நாயை அடிப்பதற்காகவே காத்திருப்பவனுக்கு அந்த வழக்கைக் கையில் கொடுக்கக்கூடாது. நம் சண்டை நாயோடு அல்ல, நாய்க்காரரோடு. முதலில் நேரில் போய்ச் சொல்லுங்கள். வாசலில் நின்று, செருப்புக் காலோடு, தலை நிமிர்ந்து சொல்லுங்கள். கேட்காவிட்டால் எழுதிக் கொடுங்கள். எந்தத் தேதியில் வந்தது, என்ன நஷ்டம், யார் பார்த்தது என்று குறித்து வையுங்கள். ஊராட்சிக்கு ஒரு நகல். ஆளுக்கு ஆபத்து வரும்படி பிராணியைக் கவனிப்பில்லாமல் விட்டால் அதே சட்டத்தின் 291ஆம் பிரிவில் ஆறு மாதம்வரை சிறையோ 5000 ரூபாய்வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. கடித்துவிட்டால் முதலில் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் புண்ணைக் கழுவி, உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் உயிர் போய்விடும்.

'ஒரு நாய்க்குப் போயி மனுவா?' என்று நம் ஆட்களே கேட்பார்கள். நாய்க்கு இல்லை. மனுவின் முதல் வரியில் 'எனக்குச் சொந்தமான மனையில்' என்று எழுதுகிறோமே, அந்த வரிக்காக. அப்பாயியால் அந்த வரியை எழுத முடியாது. எழுத்துத் தெரியாததால் மட்டும் அல்ல. எழுதத் தெரிந்திருந்தாலும் அது பொய்யாகியிருக்கும். நமக்கு அது உண்மை. இன்னும் பட்டா கைக்கு வராத திடல்கள் டெல்டாவில் இருந்தால், அங்கே முதல் வேலை நாயை விரட்டுவதல்ல, பட்டா வாங்குவது.

இதைப் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்க் கிழவிகளிடம் போய் உட்காருங்கள். பெரிய போராட்டங்களைப் பற்றிக் கேட்டால் 'எனக்கென்ன தெரியும்' என்பார்கள். ஆண்டை வீட்டு நாய் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் பேசுவார்கள். பேசுவதை அவர்கள் பேச்சிலேயே எழுதி வையுங்கள்.