"உள்ளேன் ஐயா" சொல்லாத பிள்ளை



பொங்கலுக்கு என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறான். "என்னப்பா வேலை?" என்று கேட்டேன். "ராத்திரி தானா ஓடுற வேலைங்க ஏதாவது பாதியில நின்னுடுச்சான்னு பார்க்கிறது சார்" என்றான். "அதுக்கு ஒரு ஆளா?" என்று சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. 2017-ல் நடந்த ஒரு சம்பவத்தைச் சொன்னான். அவன் போனதும், சம்பந்தப்பட்ட கம்பெனியே வெளியிட்ட அறிக்கையைத் தேடி எடுத்துப் படித்தேன். வரலாறு நடத்தியவனுக்கு மூலத்தைப் பார்க்காமல் தூக்கம் வருமா?

கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்குகிறேன்.

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த யூனிக்ஸ் என்ற கணினி அமைப்பில், 1970-களிலேயே 'கிரான்' என்றொரு சிறு நிரல் இருந்தது. "தினமும் இரவு 2 மணிக்கு இந்த வேலையைச் செய்" என்று எழுதி வைத்துவிட்டால் போதும், ஆள் இல்லாமலே செய்துவிடும். 1987-ல் பால் விக்சி என்பவர் எழுதிய கிரான்தான் பிறகு பல கணினிகளுக்கும் பரவியது. வேலை நடக்கும்போது ஏதாவது செய்தி வந்தால், அதை அப்படியே உரியவருக்கு மின்னஞ்சலாகப் போட்டுவிடும். அந்தக் காலத்தில் அந்த அஞ்சல் பெரும்பாலும் அதே கணினிக்குள்தான் போகும். ஒரே வீட்டுக்குள் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குக் குரல் கொடுப்பது போல.

வேலைகள் ஆயிரமாகப் பெருகியபோது அஞ்சல்களும் பெருகின. நூறு அஞ்சல் வந்தால் யார் படிப்பார்கள்? பிழைகளைச் சேகரிப்பதற்கென்றே தனிச் சேவைகள் வந்தன. 2008-ல் டேவிட் கிரேமர் எழுதிய ஒரு சிறு நிரல், பின்னாளில் 'சென்ட்ரி' என்ற பெயரில் வளர்ந்தது. சென்ட்ரி என்றால் காவலாள். ஒரே பிழை ஆயிரம் முறை வந்தாலும், ஆயிரம் கடிதம் போடாமல் ஒரே கணக்கில் சேர்த்து, எந்த வரியில், எப்போது, எத்தனை முறை என்று காட்டும்.

இப்போது 2017, ஜனவரி 31. உலகெங்கும் நிரல் எழுதுபவர்கள் தங்கள் வேலையைச் சேமித்து வைக்கும் கிட்லேப் என்ற தளம். இரவு வெகுநேரம் வரை ஒரு பொறியாளர் தரவுத்தளக் கோளாறு ஒன்றோடு போராடிக்கொண்டிருந்தார். இரண்டாம் கணினியில் இருந்ததை அழிக்க நினைத்து, முதன்மைக் கணினியில் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஓரிரு விநாடிகளில் உணர்ந்து நிறுத்தினார். சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி.

சரி, தினமும் காப்புப் பிரதி எடுக்கிற வேலை ஓடுகிறதே என்று அந்த இடத்தைத் திறந்து பார்த்தார்கள். காலி! பிரதி எடுக்கும் கருவி 9.2 பதிப்பு, தரவுத்தளமோ 9.6 பதிப்பு. ஒத்துப்போகாமல் அந்த வேலை தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது.

அது தோற்றதைச் சொல்லாமல் இல்லை. கிரான் வழக்கம்போல அஞ்சல் போட்டது. ஆனால் இப்போது அஞ்சல் ஒரே வீட்டுக்குள் போவதில்லை. போலி அஞ்சல்களைத் தடுக்க 'டிமார்க்' என்றொரு சோதனை உண்டு. அதற்கான ஏற்பாடு இந்த அஞ்சல்களுக்குச் செய்யப்படவில்லை. வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டன. பிள்ளை கத்தியிருக்கிறது, கதவு சாத்தியிருந்தது.

தற்செயலாக அதே பொறியாளர் சுமார் 6 மணி நேரம் முன்பு வேறொரு காரணத்துக்காக எடுத்து வைத்திருந்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது. தளம் மீண்டும் எழ ஏறத்தாழ 18 மணி நேரம் ஆனது. இடைப்பட்ட நேரத்தில் பதிந்த சுமார் 5000 திட்டங்களின் விவரங்கள், 5000 கருத்துகள், 700 புதிய பயனர் கணக்குகள் போனது போனதுதான்.

அந்த அறிக்கையில் எனக்குப் பிடித்தது ஒன்று. பொறியாளரின் பெயர் அதில் இல்லை, 'குழு உறுப்பினர் 1' என்றே இருக்கிறது. பிரதிகளைச் சோதித்துப் பார்ப்பது யார் பொறுப்பு என்று வகுக்கவே இல்லை என்பதை அவர்களே ஒப்புக்கொண்டார்கள். ஒருவனைப் பெஞ்சு மேல் ஏற்றிவிட்டால் பாடம் முடிந்துவிடாது என்று தெரிந்தவர்கள்.

என் மாணவன் கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். "பிழை வந்தா காவலாள்கிட்ட சொல்லும் சார். ஆனா வேலை தொடங்கவே இல்லைன்னா பிழையே வராதே? அதனால ஒவ்வொரு வேலையும் முடிஞ்சதும் 'முடிஞ்சது'ன்னு சொல்லணும். குறிச்ச நேரத்துல அந்தக் குரல் வரலைன்னா உடனே எங்களுக்கு மணி அடிக்கும்."

அட, இது நம் வருகைப் பதிவேடுதானே! 'வராதவர்கள் கையைத் தூக்குங்கள்' என்று எந்த ஆசிரியராவது கேட்டிருக்கிறாரா? ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவோம். "உள்ளேன் ஐயா" வராத இடத்தில் பேனா நிற்கும். மௌனத்தை நாம் 'வந்திருக்கிறான்' என்று எழுதியதில்லை. கிட்லேப்பில் பல நாள் மௌனத்தை 'எல்லாம் நலம்' என்று எடுத்துக்கொண்டார்கள். நடந்த தவறு அவ்வளவுதான்.

உங்களுக்கும் ஒரு வீட்டுப்பாடம். கல்யாணப் படம், பேரக்குழந்தை படம் எல்லாம் 'தானாகச் சேமிக்கப்படுகிறது' என்று நம்பிக்கொண்டிருக்கிறீர்கள் அல்லவா? இன்றிரவு திறந்து, கடைசியாக எந்தத் தேதிப் படம் அங்கே இருக்கிறது என்று பாருங்கள். நான் பார்த்தேன். என்னுடையது 7 மாதம் முன்பே நின்றிருந்தது. எந்தச் செய்தியும் என் கண்ணில் படவில்லை.

பார்த்துவிட்டுக் கீழே "உள்ளேன் ஐயா" என்று எழுதுங்கள். எழுதாதவர்களை நான் போனில் கூப்பிடுவேன்!

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்