என்ஜினின் புதுமை: ஒரகடத்து மோட்டார் சைக்கிள்களை முன்வைத்து

ஓர் என்ஜின் அடியிலிருந்து புதிதாக வகுக்கப்பட்டதா, அல்லது முன்னிருந்ததைத் திருத்திப் புதுப்பெயர் சூட்டியதா என்னும் சர்ச்சை வாகனத் தொழிலுக்கு மட்டுமன்றி வீடியோ கேம் தொழிலுக்கும் பொதுவானது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயும், ஒரகடத்தில் ரெனோ–நிஸான் கூட்டணி 2010-இல் தொடங்கிய கார் ஆலையும், பாரத்பென்ஸ் லாரி ஆலையும் அமைந்துள்ள ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பிரதேசத்தில், இச்சர்ச்சையை ஆராய்வதற்குத் தக்க உதாரணம், 2013-இல் ஒரகடத்திலும் 2017-இல் வல்லம் வடகாலிலும் உற்பத்தியைத் தொடங்கிய ராயல் என்ஃபீல்டு நிறுவனமே ஆகும். வண்டியின் வெளித்தோற்றத்தை ஏறக்குறைய மாறாமல் பாதுகாத்துக்கொண்டு, உள்ளிருக்கும் என்ஜினைப் பன்முறை மாற்றிய சரித்திரம் அதற்கு உண்டு.

1955-இல் மதராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் கூட்டாக என்ஃபீல்டு இந்தியா என்னும் ஸ்தாபனத்தை நிறுவி, இந்திய ராணுவத்தின் தேவையை முன்னிட்டு புல்லட் 350 வண்டியை இங்கே உருவாக்க முற்பட்டபோது, பாகங்கள் கப்பலில் வந்து திருவொற்றியூரில் பூட்டப்பட்டன. சில ஆண்டுகளில் பாகங்களும் இங்கேயே செய்யப்படலாயின. 70 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டரில் பிஸ்டன் 90 மி.மீ. தூரம் ஓடிய அந்த 346 சிசி என்ஜின், வார்ப்பிரும்புச் சிலிண்டரும், தனியே பொருத்தப்பட்ட கியர்பாக்ஸும், வால்வுகளை இயக்கும் புஷ்ராடுகளும் கொண்டது. தாய்க் கம்பெனி 1970-ஐ ஒட்டி மறைந்த பின்னரும் சேய் அதே வடிவத்தைப் பல பத்தாண்டுகள் காத்து வந்தமைக்குப் பூர்வீகத்தின்மேல் கொண்ட பக்தியே காரணம் என்று ரசிகர்கள் சொல்வதுண்டு. மாற்றியே தீரவேண்டும் என்ற நிர்ப்பந்தம் அக்காலத்தில் இல்லாமையே மெய்யான காரணம் எனத் தோன்றுகிறது.

ஆஸ்திரியாவின் ஏவிஎல் நிறுவனத்தின் துணையோடு இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த என்ஜின், அலுமினியச் சிலிண்டரும், எரிபொருள் குறைந்த கலவையை எரிக்கவல்ல அமைப்பும் பெற்றிருந்தது. 2002-இல் தண்டர்பேர்டு வண்டியில் ஐந்து கியர்களோடு வந்தபோதும் அதன் கியர்பாக்ஸ் தனி உறுப்பாகவே நின்றது. இதைத் திருத்தம் என்று கூறுவதில் தடையில்லை.

அபிப்பிராய பேதம் எழுவது 2008-இல் அறிமுகமாகி, 2009-இன் இறுதியில் வந்த கிளாசிக் வண்டிகளால் பிரசித்தி பெற்ற யூசிஇ என்ஜினைப் பற்றியே. என்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே உறைக்குள் அமைந்தன. வால்வு இடைவெளியை அடிக்கடி சரிபார்க்கும் வேலையை ஹைட்ராலிக் டாப்பெட்டுகள் ஒழித்தன. புல்லட்டின் பிறவிக்குணம் என்றே கருதப்பட்டு வந்த எண்ணெய்க் கசிவும் பெரும்பாலும் நின்றது. ஆயினும் 350 வகையின் விட்டம் அதே 70, ஓட்டம் அதே 90, புஷ்ராடுகளும் இருந்தன. அளவைப் பிரமாணமாகக் கொள்வோர் இதைப் பழைய என்ஜினின் மறுபதிப்பு என்பர். அமைப்பைப் பிரமாணமாகக் கொள்வோர், புதுப்பேட்டைக் கடைகளில் கிடைக்கும் பழைய புல்லட்டின் கிராங்க் உறையும் கியர்பாக்ஸும் இதில் ஏறமாட்டா என்பதைச் சுட்டி, புதியதே என்று சாதிப்பர். பின்னவர் கட்சியே வலுவுடையது. ஏனெனில் விட்டமும் ஓட்டமும் வகுப்பவர் விரும்பி ஏற்ற இரண்டு எண்கள் மாத்திரமே, உறையும் கிராங்கும் எண்ணெய் ஓடும் வழியுமோ என்ஜினின் தேகம்.

வீடியோ கேம் உலகில் தேகம் என்று தொட்டுக் காட்டத்தக்கது ஒன்றும் இன்மையால், அங்கே நிர்ணயம் இன்னும் கடினமாகிறது. 1996-இல் வெளியான குவேக் விளையாட்டின் மென்பொருள் என்ஜினை உரிமம் பெற்று, வால்வ் நிறுவனம் பெரிதும் திருத்தி 1998-இல் ஹாஃப்-லைஃப் விளையாட்டை ஆக்கியது. அதிலிருந்து 2004-இல் சோர்ஸ் என்னும் என்ஜினும், பின்னர் சோர்ஸ் 2-உம் கிளைத்தன. 2020-இல் வந்த ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ் விளையாட்டில் ஒரு விளக்கு மினுங்கும் கிரமம், குவேக்கில் மினுங்கிய அதே கிரமமாக இருப்பதை ரசிகர்கள் கண்டறிந்தனர். அந்த விளக்கு சந்ததிக்குச் சாட்சியாகுமேயன்றி, புதுமை இல்லை என்பதற்குச் சாட்சியாகாது, 90 மி.மீ. ஓட்டத்தின் நிலையும் இத்தகையதே.

சட்டம் இவ்வினாவை வேறு கோணத்தில் நோக்குகிறது. சிறு விட்டமுள்ள சிலிண்டரில் இரண்டு ஸ்பார்க் பிளக்குகளை அமைத்த தன் முறைக்குக் காப்புரிமை பெற்றிருந்த பஜாஜ் ஆட்டோவுக்கும், மூன்று வால்வும் இரண்டு பிளக்கும் கொண்ட 125 சிசி ஃபிளேம் வண்டியை அறிவித்த டிவிஎஸ் நிறுவனத்துக்கும் 2007-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் விவகாரம் மூண்டது. 2008 பிப்ரவரியில் தனி நீதிபதி விதித்த தடையை 2009 மே மாதம் டிவிஷன் பெஞ்ச் நீக்கியது. அவ்வாண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், விற்பனைக் கணக்கைச் சரிவரப் பேணும் நிபந்தனையோடு வண்டியை விற்க அனுமதித்து, மூல வழக்கை விரைந்து முடிக்கப் பணித்தது. என்ஜின் முழுவதும் புதியதா என்பது அங்கே கேள்வியே அன்று. உரிமை கோரப்பட்ட ஓர் அம்சம் முன்பு அறியப்படாததா, அதை மற்றவர் எடுத்தாண்டனரா என்பதே கேள்வி.

புகை பற்றிய பிஎஸ்-6 விதிகள் 2020 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த அதே ஆண்டின் நவம்பரில், ராயல் என்ஃபீல்டின் மீட்டியர் 350 வண்டியோடு ஜே-வரிசை என்ஜின் வந்தது. 72 மி.மீ. விட்டம், 85.8 மி.மீ. ஓட்டம், 349 சிசி. புஷ்ராடுகள் போய், கேம்ஷாஃப்ட் சிலிண்டர் தலைக்கு ஏறியது. அதிர்வை அடக்கத் தனியே ஒரு சமன்தண்டு சேர்ந்தது. இதுவே 2021-இல் கிளாசிக்கையும் 2023-இல் புல்லட்டையும் அடைந்தபோது, 2009-ஆம் ஆண்டுக் கிளாசிக்கையும் இதையும் அருகருகே நிறுத்தினால் பழகாத கண்ணுக்கு வித்தியாசம் தெரியாத அளவுக்கு உருவம் ஒத்திருந்தமையால், எல்லாம் பழையதே என்று அலுத்துக்கொண்டோர் உண்டு. அவர்கள் பெட்ரோல் டாங்கியைப் பார்த்து என்ஜினை எடைபோட்டவர்கள்.

பெயரும் இவ்வாறே மயக்கும். இன்டர்செப்டர் என்பது 1960-களில் ரெட்டிச் கம்பெனி தன் 736 சிசி வண்டிக்கு வைத்திருந்த பெயர். 2018-இல் அப்பெயரோடு விற்பனைக்கு வந்த 648 சிசி இரட்டைச் சிலிண்டர் என்ஜினோ அடியிலிருந்து வகுக்கப்பட்டது. 2023 நவம்பரில் ஹிமாலயன் வண்டிக்கு அமைந்த 452 சிசி என்ஜின், இந்நிறுவனத்தின் முதல் திரவக் குளிர்ச்சி என்ஜின் ஆகும். அதற்கு முன்மாதிரி என்று சுட்டத்தக்கது பழைய புல்லட்டில் எதுவும் இல்லை.