அக்காயேசு வழக்கு

அக்காயேசு வழக்கு என்பது ருவாண்டாவின் தபா என்னும் உள்ளாட்சிப் பிரிவின் தலைவராக இருந்த ழான்-போல் அக்காயேசு மீது, ருவாண்டாவுக்கான பன்னாட்டுக் குற்றவியல் தீர்ப்பாயம் நடத்திய வழக்கு ஆகும். 1948 ஆம் ஆண்டின் இனப்படுகொலை உடன்பாடு தரும் வரைவிலக்கணத்தைப் பன்னாட்டு நீதிமன்றம் ஒன்று முழு விசாரணைக்குப் பின் தனிமனிதர் ஒருவர் மீது பொருத்தித் தீர்ப்பளித்தது இவ்வழக்கிலேயே முதன்முறையாகும். தீர்ப்பு 1998 செப்டம்பர் 2 அன்று வழங்கப்பட்டது.

தீர்ப்பாயம்

1994 ஏப்ரல் முதல் சூலை வரை ஏறத்தாழ 100 நாட்களில் ருவாண்டாவில் சுமார் 8 இலட்சம் மக்கள் கொல்லப்பட்டனர். இவர்களுள் பெரும்பாலோர் துட்சி இனத்தவர். அவ்வாண்டு நவம்பர் 8 இல் ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவை, தனது 955 ஆம் தீர்மானத்தின் மூலம் இத்தீர்ப்பாயத்தை நிறுவியது. இது தான்சானியாவின் அருசா நகரில் இயங்கியது. தீர்ப்பாயம் வேண்டுமென முதலில் கேட்ட ருவாண்டாவே தீர்மானத்துக்கு எதிராக வாக்களித்தது என்பது குறிப்பிடத்தக்கது. மரண தண்டனை இல்லாமையும், 1994 ஆம் ஆண்டில் நிகழ்ந்தவற்றை மட்டுமே விசாரிக்கலாம் என்ற வரம்பும் அதன் மறுப்புக்கான காரணங்களுள் அடங்கும். இம்மறுப்பு பொருளற்றதன்று. 1998 ஏப்ரலில் ருவாண்டாவின் உள்நாட்டு நீதிமன்றங்கள் தண்டித்த 22 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இனப்படுகொலைக் காலத்தில் தலைமை அமைச்சராக இருந்து, குற்றத்தை ஒப்புக்கொண்ட ழான் கம்பண்டாவுக்கோ அதே ஆண்டில் அருசாவில் ஆயுள் தண்டனையே கிடைத்தது.

தபாவில் நடந்தவை

அக்காயேசு முன்பு ஆசிரியராகவும் பள்ளிக் கண்காணிப்பாளராகவும் பணியாற்றியவர். 1993 இல் தபாவின் தலைவரானார். கொலைகள் தொடங்கிய முதல் நாட்களில் அவர் அவற்றைத் தடுக்க முயன்றார் என்பதை நீதிபதிகளும் ஏற்றுக்கொண்டனர். ஏப்ரல் 18 அன்று இடைக்கால அரசின் தலைவர்கள் முரம்பியில் கூட்டிய கூட்டத்தில் கலந்துகொண்ட பின்னர் அவரது போக்கு மாறியது. மறுநாள் கிசியேசியேயில் திரண்ட மக்களிடையே பேசிய அவர், பொது எதிரியை ஒழிக்குமாறு தூண்டினார். அங்கிருந்தோர் அதைத் துட்சிகளைக் கொல்லுமாறு விடுத்த அழைப்பாகவே புரிந்துகொண்டனர். தபாவில் குறைந்தது 2,000 துட்சிகள் கொல்லப்பட்டதாகத் தீர்ப்பாயம் கண்டது.

அவர் 1995 அக்டோபரில் சாம்பியாவில் கைதானார். விசாரணை 1997 சனவரியில் தொடங்கியது. வன்முறையை நிறுத்தும் வலிமை தமக்கு இருக்கவில்லை என்பது அவரது எதிர்வாதம். படைகளுடன் இருந்த ஐ.நா. தளபதி உரோமியோ டலேராலேயே இயலாததைச் சில காவலர்களை மட்டும் உடைய உள்ளூர்த் தலைவர் எவ்வாறு செய்யக்கூடும் என அவர் தரப்பு கேட்டது. டலேர் நேரில் வந்து சாட்சியமும் அளித்தார். ஆயினும் தடுக்கத் தவறியதற்காக மட்டும் அக்காயேசு தண்டிக்கப்படவில்லை. தாமே தூண்டியதற்கும் ஆணையிட்டதற்கும் உடனிருந்து ஊக்கியதற்கும் தண்டிக்கப்பட்டார்.

இனப்படுகொலையை மெய்ப்பித்தல்

பலர் கொல்லப்பட்டனர் என்பதால் மட்டும் ஒரு செயல் இனப்படுகொலை ஆகிவிடாது. தேசிய, இன, மரபின அல்லது சமயக் குழு ஒன்றை முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கம் குற்றம் சாட்டப்பட்டவரிடம் இருந்தது என மெய்ப்பிக்க வேண்டும்.

துட்சிகள் அத்தகைய குழுவா என்பதே முதல் சிக்கல். ஹூட்டுக்களும் துட்சிகளும் ஒரே மொழியைப் பேசுவோர். சமயமும் பண்பாடும் பொதுவானவை. எனினும் பெல்சியர் ஆட்சிக்காலம் முதல் அடையாள அட்டைகளில் இனம் குறிக்கப்பட்டு வந்தது. அது தந்தைவழியே பிள்ளைகளுக்குச் சென்றது. சாலைத் தடைகளில் அவ்வட்டையைப் பார்த்தே பலர் கொல்லப்பட்டனர். எனவே பிறப்பால் அமையும் நிலையான குழுக்கள் யாவும் பாதுகாப்புக்கு உரியவை எனத் தீர்ப்பாயம் கொண்டது. இவ்விளக்கம் உடன்பாட்டின் சொற்களைத் தாண்டிச் செல்வதாகச் சட்ட அறிஞர் சிலர் குறைகூறினர்.

அடுத்தது நோக்கம். குற்றவாளி ஒப்புக்கொள்ளாதவிடத்து, அவரது சொற்களிலிருந்தும், ஒரே குழுவினர் மீது முறைப்படி தொடர்ந்த தாக்குதல்களிலிருந்தும் நோக்கத்தை உய்த்துணரலாம் என நீதிபதிகள் கூறினர். பிற்கால வழக்குகள் பலவும் இம்முறையைப் பின்பற்றின.

பாலியல் வன்முறை

தொடக்கக் குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறை இடம்பெறவில்லை. விசாரணையின்போது பெயர் மறைக்கப்பட்ட சாட்சி ஒருவர், தம் ஆறு வயது மகள் வன்புணர்வுக்கு உள்ளானதைக் கூறினார். மற்றொருவர் தபா அலுவலகத்தின் அருகே தமக்கும் பிறருக்கும் நேர்ந்ததை விவரித்தார். இதன்பின் 1997 சூனில் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. மூன்று நீதிபதிகளுள் ஒரே பெண்ணான நவநீதம் பிள்ளை, இச்சாட்சிகளிடம் விரிவாக வினவினார். இவர் டர்பனில் பிறந்த தமிழ் வழியினர். பின்னர் 2008 முதல் 2014 வரை ஐ.நா. மனித உரிமை ஆணையராக இருந்தார். குழுவை அழிக்கும் நோக்குடன் நிகழும் வன்புணர்வும் இனப்படுகொலைச் செயலே என்ற முடிவு இத்தீர்ப்பின் பெரும் பங்களிப்பாகும்.

தீர்ப்பும் பின்னரும்

15 குற்றச்சாட்டுகளில் 9 உறுதியாயின. அவை இனப்படுகொலை, அதற்கு நேரடியாகவும் பகிரங்கமாகவும் தூண்டியமை, மனித குலத்துக்கு எதிரான ஏழு குற்றங்கள் ஆகியன. போர்க்குற்றச்சாட்டுகள் ஐந்திலிருந்தும் அவர் விடுவிக்கப்பட்டார். அவர் படையினருடன் இணைந்தோ அரசின் சார்பாகவோ போர் முயற்சியில் பங்குகொண்டார் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை எனக் கூறப்பட்டது. போர்க்குற்றத்துக்கு அத்தகைய பதவித் தொடர்பு தேவையில்லை என 2001 சூன் 1 இல் மேல்முறையீட்டு அமர்வு திருத்தியது. ஆயினும் விடுதலையை அது மாற்றவில்லை. ஆயுள் தண்டனை உறுதி செய்யப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் அக்காயேசு மாலி நாட்டுச் சிறைக்கு அனுப்பப்பட்டார்.

93 பேர் மீது குற்றம் சாட்டி, 62 பேருக்குத் தண்டனை வழங்கிய இத்தீர்ப்பாயம் 2015 டிசம்பர் 31 அன்று மூடப்பட்டது.