பிறக்கிராசியும் அப்புக்காத்தும்

சில ஆண்டுகளுக்கு முன், எண்பது வயதைத் தாண்டிய ஓர் ஆச்சி என்னிடம் வந்தார். ஊர்க் காணியை விற்க அற்றோனித் தத்துவம் எழுதவேண்டும். அதற்கு அவர் தெளிந்த புத்தியுடன் இருக்கிறார் என்று வைத்தியர் எழுதித் தரவேண்டும். (சைவ சித்தாந்தம் கூறும் முப்பத்தாறு தத்துவங்களில் இது சேராது, ஆனால் இலண்டனில் நம்மவர் அதிகம் அறிந்தது இதுவே.) முன்னர் பார்த்த வைத்தியரின் குறிப்பில், "குழப்பம் உண்டு; சோதிடம் பேசுகிறார்" என்றிருந்தது.

ஆச்சியிடம் குழப்பம் எதையும் நான் காணவில்லை. "பிறக்கிராசியார் துண்டு கேட்டவர், தம்பி" என்றார். அங்கும் அதையே சொன்னாராம். தொலைபேசியில் மொழிபெயர்த்த தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு 'ராசி' மட்டுமே காதில் விழுந்திருக்கிறது.

மூத்த அங்கத்தவர்களுக்கு இச்சொல்லை விளக்கத் தேவையில்லை, இளையோருக்காகவே எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயர் 1619இலும் ஒல்லாந்தர் 1658இலும் கைப்பற்றினர். பிறக்கிராசி போர்த்துக்கேயர் வழியாக வந்த சொல். 'புரொக்குராத்தோர்' என்னும் இலத்தீன் சொல்லே அதன் மூலம். பிறர் கருமத்தை அவர் பொருட்டுக் கவனிப்பவர் என்று பொருள். சிங்களத்தில் அதுவே 'பெரகதோரு' ஆயிற்று. ஒல்லாந்தரின் 'அட்வொகாத்' நம் வாயில் அப்புக்காத்தானது. உறுதி முடிக்கும் நொத்தாரிசும் அவர்கள் தந்ததே. தமிழ்நாட்டு வக்கீலும் இரவற்சொல்தான்: அரபு மொழியில், பிறர் சார்பில் பொறுப்பேற்றவர்.

ஆங்கிலேயர் ஒல்லாந்தரின் சட்டத்தைத் தொடர்ந்து வைத்திருந்தார்கள். 1801இல் உயர் நீதிமன்றத்தை அமைத்தார்கள். அவர்கள் காலத்தில் வழக்குப் பத்திரங்களை எழுதித் தாக்கல் செய்பவர் பிறக்கிராசி. மேல்மன்றுகளில் எழுந்து வாதாடுபவர் அப்புக்காத்து. சனங்கள் நேரே கண்டது பெரும்பாலும் பிறக்கிராசியைத்தான். சீதன உறுதியும் வேலிச் சண்டையும் அவர் மேசைக்கே வந்தன. அதனால்தானோ என்னவோ, அந்தப் பெயர் மரியாதையோடு நின்றது. அப்புக்காத்தோ ஊர்ப் பேச்சில் வேறு வழி போயிற்று. "உவர் பெரிய அப்புக்காத்து" என்றால் புகழ்ச்சியல்ல. என் தகப்பனார் அதை எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார்.

1974இல் இலங்கை அரசு இரு பிரிவுகளையும் ஒன்றாக்கியது. அன்றிலிருந்து எல்லோரும் சட்டத்தரணிகள். பிறக்கிராசி என்ற பதவி சட்டத்தில் ஒழிந்தது; ஆச்சிமாரின் வாயில் ஒழியவில்லை.

இதே இலத்தீன் வேரிலிருந்து வந்த 'புறொக்டர்' இந்த இலண்டனிலும் இருந்தவர். சென் போல்ஸ் தேவாலயத்துக்கு அருகே 'டொக்டேர்ஸ் கொமன்ஸ்' என்ற இடத்தில் மரணசாதனம், விவாகம், கப்பல் வழக்குகளை அவர்கள் கவனித்தார்கள். பெயரிலுள்ள டொக்டர்கள் சட்டம் படித்தவர்கள், என் இனத்தவரல்லர்! டிக்கன்ஸின் டேவிட் கொப்பர்ஃபீல்ட் தொழில் பழகப் போனதும் அங்கேதான். 1857ஆம் ஆண்டுச் சட்டங்கள் மரணசாதன, விவாக வழக்குகளை வேறு மன்றுகளுக்கு மாற்றின. பத்தாண்டில் கட்டடத்தையும் இடித்தார்கள். அவர்களின் வேலை சொலிசிற்றர்மாரிடம் போயிற்று.

ஆச்சிக்கு வேண்டிய கடிதத்தை எழுதிக் கொடுத்தேன். பழைய குறிப்பின் கீழ், பிறக்கிராசி என்றால் சட்டத்தரணி, நோயாளியிடம் குழப்பம் இல்லை என்றும் பதிந்துவைத்தேன். வாசித்துக் காட்டியபோது ஆச்சி கேட்டார்: "அப்ப குழம்பினது ஆர், தம்பி?"